அகிஹபாராவில் ஒரு டிரான்ஸ்பார்மர்

ஊரிலிருந்து மிக்ஸி தூக்கிக்கொண்டு டோக்கியோவுக்கு வந்தால் என்றைக்காவது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த அகிஹபாரா பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். நம் மிக்ஸிக்கு 230 வோல்ட் வேண்டும். இங்கே சுவரில் வருவது 100. அப்படியே செருகினால் பிளேடு ஏதோ கடமைக்குச் சுற்றும், தேங்காய் அரைபடாது. இங்கே வாங்கிய மிக்ஸி ஜூஸுக்குச் சரி, ஊறவைத்த உளுந்தைக் கண்டதும் திணறியது. ஆக, வோல்டேஜை ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வேண்டும். "அகிஹபாரா போம்மா, வேற எங்கயும் அலையாதே" என்றார் நிஷிகசாயில் எங்கள் மாடி வீட்டு அக்கா.

தோஸாய் லைனில் கயாபாச்சோ, அங்கிருந்து ஹிபியா லைன். வெளியே வந்தால் பக்கத்திலேயே யோதோபாஷி கேமரா என்ற எலக்ட்ரானிக்ஸ் கடையின் பிரம்மாண்டக் கட்டடம். எனக்குப் பிடித்தது அதுவல்ல. ஸ்டேஷனின் மறுபக்கம், சோபு லைன் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் ரேடியோ சென்டர்தான். ஒருவர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் கடைகள். அஞ்சறைப்பெட்டி போலத் தடுத்த தட்டுகளில் ரெசிஸ்டர், கெபாசிட்டர், சுவிட்ச். தலைக்கு மேல் ரயில் தடதடக்கும், கடைக்காரர் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பக்கத்திலுள்ள கந்தாவில் தெருவோரத்தில் வால்வும் ரேடியோ உதிரிபாகங்களும் விற்றவர்கள் இவர்களின் முன்னோடிகள். கடையில் ரேடியோ வாங்கக் கட்டுபடியாகாத காலம். அருகிலிருந்த மின்பொறியியல் கல்லூரி மாணவர்கள் பாகங்களை வாங்கித் தாங்களே ரேடியோ கட்டினார்கள். 1949இல் தெருக்கடைகளை அகற்ற உத்தரவு வந்தபோது வியாபாரிகள் இந்த ரயில் பாலத்துக்கு அடியில் குடியேறினார்கள். இன்று இந்த இடத்தின் அடையாளமான அனிமே கடைகளும், பணிப்பெண் வேஷத்தில் பரிமாறும் மெய்ட் கஃபேயும் ரொம்பப் பிந்தி வந்தவை.

டிரான்ஸ்பார்மர் வேறொரு கடையில் கிடைத்தது. பெரியவர் ஒருவர் மிக்ஸி எத்தனை வாட் என்று கேட்டார். 750 என்று எழுதிக் காட்டினேன். அவர் 1000ஐத் தள்ளிவிட்டு 1500 வாட் பெட்டியை எடுத்து வைத்தார். மோட்டார் கிளம்பும்போது கூடுதலாக இழுக்குமே, அதற்குத்தான். தூக்கிப் பார்த்ததும் எனக்கு மூச்சு வாங்கியது.

அதோடு சூஓ-தோரி என்ற பெரிய சாலைப் பக்கம் போனது என் பையனுக்காக. ஞாயிறு மதியம், சாலையில் வண்டிகள் கிடையாது, நடப்பவர்களுக்கே முழுத் தெருவும். 2008இல் அங்கே நடந்த கொலைவெறித் தாக்குதலுக்குப் பிறகு இதை நிறுத்திவைத்து, 2011இல்தான் மறுபடி தொடங்கினார்களாம். காசு போட்டால் பொம்மை விழும் கச்சாபோன் இயந்திரங்களை விட்டு அவன் நகரவே இல்லை. பக்கத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், டை கட்டியவர், அதே பொம்மைக்காகக் காசு போட்டுக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை, அந்தத் தெருவில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அப்புறம், கடை வாசலில் 'டாக்ஸ் ஃப்ரீ' பலகை பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது சுற்றுலா வருபவர்களுக்கு. இங்கே குடியிருக்கும் நாம் 10 சதவீத வரியைக் கட்டிவிட்டு, பெட்டியையும் நாமேதான் சுமக்க வேண்டும்.