பழைய ஏபிஐ மூடப்பட்டபோது பக்கத்து நிறுவனத்தோடு பேச வேண்டி வந்தது

இணைய விற்பனைத் தளம் ஒன்றின் மேல் ஓடும் கையிருப்புச் செயலியை நாங்கள் 6 பேர் நடத்துகிறோம். ஆர்டர் விழுந்ததும் சரக்கு எந்தக் கிடங்கிலிருந்து போக வேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. அந்தத் தளம் தன் ஏபிஐயின் (செயலிகள் தளத்தோடு தரவு பரிமாறும் வழி) பழைய பதிப்பை மூடப்போவதாக அறிவித்து 9 மாத அவகாசம் கொடுத்தது. நிரலை மாற்ற எங்களுக்கு 5 வாரம் போதுமாக இருந்தது. சோதனைக் கடையில் எல்லா டெஸ்டும் பாஸ். ஒரு திங்கட்கிழமை காலை புதிய பதிப்புக்கு மாறினோம். மதியத்துக்குள் 3 கடைகளிலிருந்து ஒரே புகார்: பார்சல் தவறான கிடங்கிலிருந்து கிளம்புகிறது.

பிழை எங்கள் நிரலில் இல்லை. டெலிவரி தேதியைத் தேர்ந்தெடுக்க உதவும் இன்னொரு நிறுவனத்தின் செயலி, அந்தத் தேதியை ஆர்டரின் கூடுதல் புலம் (தகவல் கட்டம்) ஒன்றில் எழுதுகிறது. கிடங்கை முடிவு செய்ய அதை நாங்கள் படிக்கிறோம். அவர்கள் இன்னும் பழைய பதிப்பிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள்; புதிய பதிப்பில் அந்தப் புலம் எங்களுக்குக் காலியாக வந்தது. இத்தனைக்கும் அவர்களோடு எங்களுக்கு ஒப்பந்தம் கிடையாது, ஒரு மின்னஞ்சல்கூடப் போனதில்லை. எப்போதோ ஒரு கடைக்காரர் கேட்டதற்காக நாங்கள் சேர்த்த நாலு வரி நிரல்தான் இரண்டு நிறுவனங்களையும் கட்டிப்போட்டிருந்தது.

உடனே பழைய பதிப்புக்குத் திரும்பினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையை அப்போதுதான் செய்தோம். ஆவணங்களை மூடி வைத்துவிட்டு, ஓடுகிற செயலியின் லாக்கிலிருந்து (அது தானாக எழுதிவைக்கும் பதிவு) நாங்கள் படிக்கும் புலங்களையும் அவற்றை எழுதுபவர்களையும் பட்டியலிட்டோம். மொத்தம் 14. தளம் எழுதுவது 6, நாங்களே எழுதுவது 5. மீதி 3 புலங்களை 3 வெவ்வேறு நிறுவனங்கள் எழுதின.

2017-ல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 11 வந்து பழைய 32-பிட் வகைச் செயலிகள் ஓடாமல் போனபோது நான் வேறொரு குழுவில் இருந்தேன். எங்கள் நிரல் தயார். விலைக்கு வாங்கிய லைப்ரரி (பிறர் எழுதிய நிரல் தொகுப்பு) தயாராகவில்லை. அப்போதாவது அதை விற்றவரிடம் கேட்க ஒரு ஒப்பந்தம் இருந்தது. இங்கே யாரிடம் கேட்பது? தளத்தின் உதவிக் குழு, செயலிகளுக்கு இடையிலான விவகாரம் தங்கள் பொறுப்பல்ல என்றது. எந்தச் செயலி எதோடு பின்னியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை, அது உண்மைதான். ஆனால் கடைக்காரருக்கு இதெல்லாம் ஒரே அமைப்பு.

அந்த நிறுவனத்துக்கு எழுதுவதா என்று எங்களுக்குள் இரண்டு நாள் வாதம். அவர்களும் சமீபத்தில் கிடங்கு வசதி தரத் தொடங்கியிருந்தார்கள், பாதிப் போட்டியாளர்கள். கடைசியில் புலத்தின் வடிவம், மாறும் தேதி, மாதிரி ஆர்டர்கள் ஆகியவற்றை மட்டும் பகிர்வது என்று முடிவு செய்தோம். வாடிக்கையாளர் பட்டியலும் அடுத்த திட்டங்களும் பேச்சில் வராது. அதை முதல் கடிதத்திலேயே சொன்னோம். மறுநாளே பதில் வந்தது.

ஒரே பக்கத்தில் ஒரு ஒப்புதல் தயாரித்து, புலத்தை எழுதுபவர் முதலில் மாற வேண்டும் என்று தீர்மானித்தோம். அவர்கள் பழைய புலத்திலும் புதிய புலத்திலும் சேர்த்தே எழுதினார்கள். நாங்கள் புதியதைப் பார்த்து, காலியாக இருந்தால் மட்டும் பழையதைப் படித்தோம். 30 நாள் தொடர்ந்து பழைய புலத்தை யாரும் படிக்கவில்லை என்று லாக் காட்டிய பிறகே அவர்கள் அதை நிறுத்தினார்கள். பகிர்ந்துகொண்ட மாதிரி ஆர்டர்களையே வைத்து இரு பக்கமும் டெஸ்ட் ஓடும். ஒருவர் வடிவத்தை மாற்றினால் அடுத்தவருடைய பில்ட் (புதிய நிரலைத் தயார்செய்யும் வேலை) நின்றுவிடும்.

நடுவில் ஒரு சிக்கல். பழைய ஆர்டர்களைத் திருத்தி எழுதும்போது இருவருக்குமே 429 பிழை (அளவுக்கு மீறி அழைக்கிறீர்கள் என்ற பதில்) குவிந்தது. அழைப்பு வரம்பை அந்தத் தளம் கடைவாரியாகக் கணக்கிடுகிறது. எங்கள் வேகம் அவர்கள் பங்கையும் தின்றுவிட்டது. இரவு எங்களுக்கு, அதிகாலை அவர்களுக்கு என்று நேரத்தைப் பிரித்துக்கொண்டோம்.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. பழைய ஏபிஐயின் ஒவ்வொரு பதிலிலும் மூடப்படும் தேதி சன்செட் ஹெடராக (பதிலோடு சேர்ந்து வரும் தலைப்புக் குறிப்பு) வந்துகொண்டே இருந்திருக்கிறது. 2019-ல் வெளியான ஆர்எஃப்சி 8594 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வரையறுத்த ஹெடர் அது. எங்கள் நிரல் அதைப் படிக்கவே இல்லை. இப்போது அந்த ஹெடர் தென்பட்டால் குழுவுக்கே எச்சரிக்கை போகிறது.

மீதி இருந்த இரண்டு நிறுவனங்களுக்கும் எழுதினோம். ஒன்றோடு மாதிரி ஆர்டர்களைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கிவிட்டோம். மற்றொன்றிலிருந்து இன்னும் பதில் இல்லை. அவர்கள் எழுதும் புலத்துக்கு மட்டும் பழைய வழியையும் விட்டுவைத்திருக்கிறோம்.