எங்கள் ஊரில் மலை கிடையாது

தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றிடம் தாளைக் கொடுத்து "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொன்னால் என்ன வரும் என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், மேலே நான்கைந்து பறவைகள். நான் வேலை பார்ப்பது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஓர் ஈராசிரியர் பள்ளியில். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் பனையும்தான். மேடு என்று சொல்ல ஆற்றங்கரையும் ரோடும் உண்டு, அவ்வளவுதான். மலையை நேரில் பார்த்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் எல்லோரும் மலை வரைகிறார்கள். அக்கா நோட்டில் இருந்தது, அண்ணன் வரைந்து காட்டியது, பக்கத்து வீட்டு மாமா "இப்படித்தான் சீனரி போடணும்" என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது.

அந்தப் படத்தில் எனக்குப் பெரிய குறை தெரிவது ஒரு விஷயத்தில்தான். அதைக் கற்றுக்கொண்ட பிள்ளை அதற்கப்புறம் எதையும் பார்ப்பதில்லை. வாசலில் நிற்கிற பூவரச மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு தென்னை மரத்தை வரைந்து முடித்துவிடும்.

அரசுப் பள்ளிகளில் ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர்களை 2012-இல் நியமித்தபோது அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறவர்தான் படமும் சொல்லித் தர வேண்டும். எனக்கு அது சந்தோஷமான வேலை. வெள்ளிக்கிழமை மதியம் ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துவிடுவேன். ஒரே ஒரு விதி எனக்கு நானே வைத்துக்கொண்டது: கரும்பலகையில் நான் படம் போடுவதில்லை. நான் ஒரு மயில் போட்டால் அடுத்த அரை மணி நேரத்தில் அத்தனை தாளிலும் என் மயில்தான் இருக்கும்.

அதற்குப் பதிலாக ஏதாவது ஒன்றைப் போய்ப் பார்ப்போம். பள்ளிக்குப் பின்னால் கட்டிக் கிடந்த ஒரு வெள்ளாட்டைச் சுற்றி ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்தோம். சினை ஆடு. ஓடாமல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் கேள்வி மட்டும் கேட்டேன். காது நிக்குதா, தொங்குதா? வால் எந்தப் பக்கம் பார்க்குது? முட்டி எங்கே மடங்குது? கண்ணுக்குள்ளே என்ன இருக்கு? கடைசிக் கேள்விக்கு முதலில் "கறுப்பு முட்டை" என்றார்கள். கிட்டப் போய்ப் பார்த்த நான்காம் வகுப்புப் பையன் கத்தினான்: "டீச்சர், கோடு டீச்சர்! படுத்த கோடு!" ஆட்டின் கண்மணி அப்படித்தான், கிடைமட்டமாக நீண்டிருக்கும். தினமும் ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை அவன். அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறான். அந்த மகிழ்ச்சியை நான் எப்படி எழுதிக் காட்டுவது என்று தெரியவில்லை. உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஆட்டின் கண்ணைப் பார்க்கப் போனார்கள்.

வகுப்புக்குத் திரும்பி வரைந்தபோது, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆட்டின் வயிற்றுக்குள் இரண்டு குட்டிகளைப் போட்டிருந்தாள். வயிறு கண்ணாடியாகத் தெரிந்தது. குட்டிகளுக்கும் கண்ணில் படுத்த கோடு. வெளியாள் பார்த்தால் "வயித்துக்குள்ள இருக்கறது எப்படிம்மா தெரியும்?" என்று திருத்தியிருப்பார். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் 1947-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த மாதிரி 'எக்ஸ்ரே' படங்களைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுச் சுவர் வழியே உள்ளே சமைக்கிற அம்மா தெரிவார். பஸ்ஸுக்குள் இருப்பவர்களின் கால் வரைக்கும் தெரியும். இந்த வயதுப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதைவிட மனசுக்குத் தெரிந்ததைத்தான் வரைகிறார்கள். ஏழு, எட்டு வயதில் தாளின் அடியில் தரை என்று ஒரு கோடு போட்டு அதன் மேல் எல்லாவற்றையும் நிறுத்துவதும் அந்த வளர்ச்சியில் ஒரு படிதான். முக்கியமானது பெரிதாக இருக்கும். மாங்காய் பறிக்கிற கை உடம்பைவிட நீளமாக இருக்கும்.

அப்படியானால் ஆட்டை எதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியை கேட்டார். தெரிந்ததைத்தான் வரைகிறார்கள் என்பதால்தான். தெரிந்தது கூடினால் படம் தானாகக் கூடும். நாம் படத்தைத் திருத்த வேண்டியதில்லை, பார்க்க வைத்தால் போதும்.

இதை நான் முழுக்க நம்ப ஆரம்பித்தது கஜாவுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 அதிகாலை அந்தப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்துவிட்டன. பள்ளி திறந்ததும் தலைப்பு எதுவும் சொல்லாமல் தாளைக் கொடுத்தேன். ஒரு தாளில்கூட மலை இல்லை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வழக்கம்போல அடியில் தரைக்கோடு போட்டுவிட்டு, அதன் மேல் ஒரு தென்னையைப் படுக்கவைத்தான். அடுத்த மரத்துக்கு இடமில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதற்கு மேலே இன்னொரு தரைக்கோடு, அதில் இன்னொரு மரம். அப்படியே தாளின் உச்சி வரைக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி தரை. மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தன, காற்று போன பக்கம். "எல்லாம் உங்க தோப்பு மரமாடா?" என்று கேட்டதும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னான்: இது அப்பாயி வச்சது, இது கிணத்தடி மரம், இதுல எளநி நல்லாயிருக்கும். அதுவரை யாரிடமும் புயலைப் பற்றிப் பேசாத பிள்ளை அவன்.

சரி, பொருட்களுக்கு வருகிறேன். கையில் காசு இல்லாமல் எப்படி என்று கேட்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தேவை பெரிய தாள். ஆறு வயதுப் பிள்ளை தோளிலிருந்து கையை வீசி வரையும், விரலால் அல்ல. கட்டுரை நோட்டின் அரைப் பக்கத்தைக் கொடுத்தால் மூலையில் குட்டியாக எதையோ வரைந்துவிட்டு நிறுத்திவிடும். அச்சகத்தில் வெட்டியது போக மிஞ்சும் தாள், பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம், ஒட்டாமல் மிச்சமான சுவரொட்டி எல்லாம் நல்ல தாள்கள். காலண்டர் தாள் வழவழப்பாக இருப்பதால் கிரேயான் வழுக்கும். ஆனால் விரல் ஓவியத்துக்கு அதைவிட நல்ல தாள் கிடையாது. மைதாவைக் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு பங்கில் காவிப் பொடி, ஒரு பங்கில் மஞ்சள் தூள், ஒரு பங்கில் சொட்டு நீலம் கலந்தால் வண்ணம் தயார். கிரேயான் என்றால் மேல் காகிதத்தை உரித்துவிட்டு, உடைந்த துண்டைப் படுக்கைவாக்கில் தேய்க்கச் சொல்லுங்கள். சாக்குக்கு மேல் தாளை வைத்துத் தேய்த்தால் சாக்கின் நெசவு அப்படியே ஏறும். பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது சுவரின் அடியில் பிள்ளைகள் உயரத்துக்குப் போட்ட கரும்பலகை எங்கள் பள்ளியில் இன்னும் இருக்கிறது. தண்ணீரில் நனைத்த சாக்பீஸால் அதில் வரைந்தால் காய்ந்த பிறகு வண்ணம் பளிச்சென்று நிற்கும்.

வண்ணக் கலவைக்கு நான் தொடங்குவது ஆரத்தியில். "மஞ்சளும் வெள்ளையும் கலந்தா என்ன நிறம் வரும்?" என்று கேட்பேன். "வெளிர் மஞ்சள்" என்பார்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினால் சிவந்துவிடும். வீட்டில் எத்தனையோ முறை பார்த்ததுதான், ஆனாலும் ஓவென்று சத்தம் வரும். உடனே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பிவிடும். அடுத்து சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீலம் எடுத்து, அதிலும் எலுமிச்சை. நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்புப் பக்கம் போகும். சுண்ணாம்பை மட்டும் நான்தான் தொடுவேன். கண்ணில் பட்டால் ஆபத்து.

களிமண்ணுக்குக் காலம் பார்க்க வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்தாலும், பாசனத்தின் கடைசியில் இருக்கும் கடைமடையான எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதற்குள் வாய்க்காலில் மண் எடுத்துவிடுவோம். கல் பொறுக்கி, கொஞ்சம் மணல் சேர்த்துப் பிசைந்தால் வெடிப்பு குறையும். யானை செய்கிற பிள்ளை காலை ஒட்டும் இடத்தில் ஈர்க்குச்சியால் கீறிவிட்டு, குழைசேறு தடவி அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை நான்கு காலும் தனியாகக் கிடக்கும். இது ஒன்றைத்தான் நான் கையால் செய்து காட்டுவது. எப்படி ஒட்டுவது என்பதைச் சொல்லித்தர வேண்டும், என்ன செய்வது என்பதை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது போட்டிகளில். இரண்டாம் வகுப்புக்கு 'புவி வெப்பமயமாதல்' என்று தலைப்பு கொடுத்தார்கள். பரிசு வாங்கிய படத்தில் உருகுகிற உலக உருண்டையின் நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. ஏழு வயதுக் கை அதைப் போடாது. எங்கள் பிள்ளை ஒன்று, வெயில் தாங்காமல் மாட்டுத் தொட்டியில் குளிக்கிற தன் தாத்தாவை வரைந்திருந்தது. அதை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. பெற்றோர்களே, தயவுசெய்து பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்காதீர்கள். "இது என்ன?" என்று கேட்பதைவிட "இதைப் பத்திச் சொல்லு" என்று உட்காருங்கள். படத்துக்கு அடியில் பிள்ளை சொன்னதை அதே வார்த்தையில் எழுதி வையுங்கள். நான் அப்படித்தான் எழுதி, பிள்ளைகள் கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒட்டுகிறேன்.

உங்கள் ஊர் தொடக்கப் பள்ளிக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால், ஒருபக்கம் வெள்ளையாக இருக்கும் தாள் எதுவானாலும் சேர்த்துக் கொடுங்கள். சுருட்டிக் கொடுத்தாலும் பரவாயில்லை. சின்னதாக மட்டும் வெட்டிவிடாதீர்கள்.