வேலூர் வெயிலில் ஃபிலிம் கழுவிப் பார்த்தேன்

தமிழ் சினிமாவின் தொடக்கத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு தகவல் வந்து போகும். தமிழின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ எடுத்த ஆர். நடராஜ முதலியார் சென்னையில் படம் எடுத்தார், ஃபிலிமைக் கழுவ மட்டும் பெங்களூருக்குப் போனார், அங்கே குளிர்ச்சி என்பதால். எல்லோரும் இதைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு உறுத்தியது. சென்னையில் ஐஸ் கிடைக்காதா என்ன? தொழிலில் பாதியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போகிற அளவுக்கு வெயில் என்னதான் செய்துவிடும்? முதலியார் பிறந்ததே வேலூரில்தான். நான் இருப்பதும் இங்கேதான். வெயிலுக்கு இங்கே குறைவே கிடையாது. சரி, நாமே கழுவிப் பார்ப்போம் என்று மார்கழியில் ஆரம்பித்தது, அக்னி நட்சத்திரம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் மனிதரைப் பற்றிக் கொஞ்சம். 1885-ல் பிறந்தவர். சென்னைக்குப் போய் சைக்கிள் வியாபாரம், அப்புறம் மோட்டார் கார், உதிரி பாகங்கள். இந்திய சினிமாவின் முன்னோடியான பால்கேயின் படத்தைப் பார்த்து ஆசை வந்து, புனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கேமராவைக் கையாளக் கற்றுக்கொண்டு, புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஸ்டூடியோ போட்டார். ‘கீசக வதம்’ வந்தது 1917-லா 1918-லா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. சுமார் 6,000 அடி நீளம், 35,000 ரூபாய் செலவு, 50,000 ரூபாய் வரவு என்று கணக்கு பதிவாகியிருக்கிறது. படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. கலைஞர் என்பதைவிட அவர் வியாபாரி என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கப்பலில் வரும் சரக்கில் பணத்தை முடக்கி, விற்றுத் திருப்பிப் பழகியவர். கச்சா ஃபிலிமும் அதே மாதிரி கப்பலில் வந்த சரக்குதான்.

ஒரு சின்னக் கணக்கு. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். மௌனப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், நொடிக்கு ஏறக்குறைய 16 ஃபிரேம். ஆக, ஒரு நொடிக்கு ஓர் அடி. 6,000 அடி என்றால் 100 நிமிடம். கழுவும்போது நாலு அடி கெட்டால் கீசகன் நாலு நொடி காணாமல் போய்விடுவான். அதுவும் கெட்டது தெரிய வருவது பெங்களூரில். நடிகர்கள் இருப்பது சென்னையில்.

பழைய காலத்து ஃபிலிமுக்கு நான் எங்கே போவது? இன்றைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் பதிகிற ஜெலட்டின் பூச்சு ஆலையிலேயே நன்றாகக் கெட்டிப்படுத்தப்பட்டு வருகிறது. வேலூர்த் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, சோதனைக்கும் அது உதவாது. இதற்கு ஊரே வழி சொன்னது. ஆஸ்பத்திரி ஊர் அல்லவா, எக்ஸ்ரே ஃபிலிம் விற்கிற கடை இன்னும் இருக்கிறது. டிஜிட்டல் வந்த பிறகு கேட்பார் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு, அதுவும் மெத்தென்று இருக்கும், நகம் பட்டால் கோடு விழும். சிவப்பு வெளிச்சம் அதற்குத் தெரியாது. முதலியார் காலத்து ஃபிலிமும் சிவப்பைக் காணாத ஜாதிதான். அதனால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, சிவப்பு எல்.இ.டி. பல்ப், அடியில் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் தட்டு. டார்க் ரூம் தயார்.

கேமரா, அட்டைப் பெட்டியில் ஊசித்துளை போட்டதுதான். ஃபிலிமை சிவப்பு விளக்கில் வெட்டி உள்ளே வைப்பேன். கோட்டை அகழிச் சுவர், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, பொறுமையாக அசையாமல் உட்கார்ந்த என் சித்தி. சித்தியின் நெற்றிக் குங்குமம் கரி அப்பியது போல விழுந்தது, உதடும் கறுப்பு. படத்தைப் பார்த்துவிட்டு, “என்னடா, பூதம் மாதிரி இருக்கேன்” என்றார். மௌனப் பட நடிகர்கள் முகத்துக்கு அத்தனை மாவு பூசிக்கொண்டதற்கு இது ஒரு காரணம். நேர் வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழுகிறதே என்று மேலே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினேன், நிழல் இறங்கி முகம் தெளிந்தது. கூரையில்லாத அந்தக் கால ஸ்டூடியோக்களில் வெள்ளைத் துணியைப் பந்தல் போலக் கட்டியதும் இதற்காகத்தான்.

டெவலப்பர், அதாவது ஃபிலிமில் மறைந்திருக்கும் படத்தை வெளியே கொண்டுவருகிற கரைசல், பழைய டி-76 கணக்கு. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். கொடாக் இந்தக் கலவையைக் கொண்டுவந்தது 1920-களில், முதலியார் ஸ்டூடியோவை மூடிய பிறகு. அவர் என்ன கலந்தாரோ, எனக்கு எளிதாகக் கிடைத்தது இது. அப்புறம் டெவலப்பரை நிறுத்த லேசான வினிகர் தண்ணீர், படத்தை நிலைநிறுத்த ஹைப்போ, கடைசியில் மருந்து போகத் தண்ணீரில் கழுவல்.

மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீர் 24 டிகிரி. டெவலப்பரில் பத்து நிமிடம் வைத்தால் படம் நிதானமாக ஏறியது. மாசி, பங்குனியில் 30. நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். சூடு ஒரு டிகிரி ஏறினால் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. சித்திரை வந்ததும் மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் மதியம் 36-ஐத் தாண்டியது, விடியற்காலையிலும் 31-க்குக் கீழே வரவில்லை. அந்தச் சூட்டில் ஜெலட்டின் தண்ணீரைக் குடித்து ஊதி, பாலாடை மாதிரி விரலோடு வந்தது. வெட்டிய ஓரங்களில் கொசுவம் வைத்த மாதிரி சுருங்கி மேலே எழும்பியது. கோட்டைச் சுவரின் ஒரு மூலை அப்படியே வழுக்கித் தட்டில் போய்ச் சேர்ந்தது.

ஐஸ்தான் இருக்கிறதே! டெவலப்பர் தட்டை ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்து 20-க்கு இறக்கினேன். படம் அருமையாக வந்தது. ஹைப்போவையும் இறக்கியாயிற்று. அடுத்தது கழுவல், ஓடும் தண்ணீரில் அரை மணி. குழாயைத் திறந்ததும் 20 டிகிரியில் இருந்த ஜெலட்டின் 35 டிகிரித் தண்ணீரில் விழுந்தது. காய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால் படம் முழுக்க ஏரி வண்டல் வெடித்த மாதிரி மெல்லிய வலை.

பெங்களூர் ஏன் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது. டெவலப்பர் கொஞ்சம்தான், அதை ஐஸில் வைக்கலாம். கழுவுகிற தண்ணீரை எந்த ஐஸில் வைப்பது? அந்தக் காலத்தில் ஃபிலிமை மரச் சட்டங்களில் சுற்றி, தொட்டி தொட்டியாக முக்கி எடுப்பார்கள். அத்தனை சட்டங்களுக்கும் ஓடுகிற தண்ணீர் முழுக்க ஒரே குளிர்ச்சியில் வேண்டும், காய வைக்கிற அறையும் அதே மாதிரி வேண்டும். இதை ஐஸ் வாங்கிச் சமாளிக்க முடியாது. ஊரே குளிர்ந்திருக்க வேண்டும். பெங்களூரில் லேப் வைத்து, அங்கே நாராயணசாமி ஆச்சாரியிடம் வேலையை ஒப்படைத்து, வாரக் கடைசியில் தானே ரயிலேறிப் போய் வந்தார் முதலியார். இதைப் பெரிய மனுஷனின் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் இருந்ததிலேயே மலிவான வழி அதுதான். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகத்தான் பாதை. எளிதில் தீப்பிடிக்கிற நைட்ரேட் ஃபிலிமோடு பிறந்த ஊரைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் போயிருக்கிறார்.

இந்த இடத்தில் வேலையை நிறுத்தியிருப்பேன். ஆம்பூர் மாமா விடவில்லை. தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வழுக்கிய நெகட்டிவைக் கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்துவிட்டு, “ஜெலட்டின்னா என்ன மாப்பிள்ளை, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கறதுதானே? தோல் வெந்நீர்ல சுருங்காம இருக்க நாங்க என்ன பண்றோம்? குரோம் போடறோம்” என்றார்.

பழைய போட்டோ கையேடுகளிலும் இதே யோசனைதான், வெப்ப நாடுகளுக்கு என்று தனியாகவே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குரோம் ஆலம் என்ற குரோம் உப்பு 30 கிராம், சோடியம் சல்ஃபேட் 60 கிராம். டெவலப்பருக்கும் ஹைப்போவுக்கும் நடுவில் மூன்று நிமிடம், முதல் முக்கால் நிமிடம் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சோடியம் சல்ஃபேட் ஜெலட்டினை ஊத விடாது, குரோம் அதை இறுக்கிக் கட்டும். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோலுக்கு நடக்கிற வேலைதான், இங்கே ஒரு முழத் தட்டில் நடக்கிறது. கரைசல் கத்தரிப்பூ நிறம். தீரத் தீர மஞ்சள் கலந்த பச்சையாக மாறும், அப்போது மாற்றிவிட வேண்டும். கையுறை கட்டாயம்.

பலன் எப்படி? டேனரியில் தோல் சரியாகப் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்களாம். சுருங்கினால் இன்னும் பதம் ஆகவில்லை. மாமா சமையலறையிலேயே பாத்திரத்தை வைத்துவிட்டார். குரோம் படாத துண்டு கொதி வருவதற்கு முன்பே வழுக்கி வெறும் பிளாஸ்டிக்காக நின்றது. குரோம் போட்ட துண்டு கொதியில் புரண்டு எழுந்தும் அகழிச் சுவர் கல் கல்லாகத் தெரிந்தது. அவருக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம். அதன் பிறகு 35 டிகிரித் தண்ணீரிலேயே கழுவுகிறேன், வலை விழவில்லை.

அப்படியானால் குரோம் ஆலம் வாங்கிக்கொண்டு முதலியார் சென்னையிலேயே கழுவியிருக்கலாமே? போட்டோக்காரர்களுக்குக் குரோம் ஆலம் அப்போதே தெரிந்த சரக்குதான். என் தட்டைப் பார்த்துச் சொல்வதானால், முடியாது. குரோம் ஜெலட்டினைக் காப்பாற்றுகிறது, படத்தின் சமநிலையைக் காப்பாற்றவில்லை. 35 டிகிரியில் டெவலப்பர் மூன்று நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடுகிறது. ஒரு ஓரம் நாலு நொடி முந்தி நனைந்தால்கூட அந்த ஓரம் கறுத்துவிடுகிறது. உள்ளங்கை அகலத் துண்டிலேயே இந்தக் கதி. ஓர் ஆள் உயரச் சட்டத்தைத் தொட்டியில் இறக்கும்போது அடிப்பக்கம் நனைவதற்கும் மேல்பக்கம் நனைவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் போகும்? திரையில் அது ஒளி மினுக்கி மினுக்கி அடிப்பதாகத் தெரியும். டெவலப்பரில் பத்து நிமிடம் இருந்தால் நாலு நொடி ஒரு பொருட்டே இல்லை. பெங்களூர்த் தண்ணீர் கொடுத்தது அந்தப் பத்து நிமிடம்.

குளிர் தேடிப் போன கதை அவரோடு முடியவும் இல்லை. ஐம்பது வருஷம் கழித்து, ஃபிலிமையே இங்கே தயாரிக்க அரசு ஆலை போட்டபோது இடம் ஊட்டி. தூசியில்லாத குளிர்ந்த காற்று பூச்சு வேலைக்குத் தேவை. ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கியது, ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் காகிதமும் வந்தன. எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கே செய்தார்கள். இன்று ஆலை கிடையாது. நான் கடையில் வாங்குகிற பெட்டி வெளிநாட்டுச் சரக்கு, 1917-ல் இருந்த மாதிரியே.

ஊட்டி ஆலை வரும் வரை ஃபிலிமுக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்துக் குறைந்ததும் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. பேசும் பட வேகத்தில் அது இரண்டு மணி நேரம்தான். நாற்பது, ஐம்பது பாட்டோடு படம் எடுத்தவர்கள் கத்திரிக்கோலைத் தேடியது அப்போதுதான். சத்தம் வந்த புதிதிலும் இப்படி ஊர் விட்டு ஊர் போன கதை உண்டு. 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ பம்பாயில் எடுத்தது. 1934-ல் ஸ்ரீனிவாசா சினிடோன் வரும் வரை சென்னையில் பேசும் பட ஸ்டூடியோ கிடையாது. ஆனால் அது குளிருக்காகப் போனதல்ல, கருவிக்காகப் போனது.

இப்போதைய நிலவரம்: தீர்ந்த குரோம் கரைசல் மூடி போட்ட கேனில் இருக்கிறது. சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை, பாலாற்றுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்தது போதும். கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்க முடியுமா என்று மாமா விசாரித்துக்கொண்டிருக்கிறார். தச்சரிடம் வேப்ப மரத்தில் ஒரு சின்னச் சட்டம் சொல்லியிருக்கிறேன், எக்ஸ்ரே ஃபிலிமை 35 மில்லிமீட்டர் பட்டையாக வெட்டிச் சுற்றிப் பார்க்க. டெவலப்பரிலேயே சோடியம் சல்ஃபேட்டைச் சேர்த்தால் வேலை கொஞ்சம் மெதுவாகும் என்கின்றன பழைய கையேடுகள். 35 டிகிரியில் மூன்று நிமிடத்தை ஐந்து நிமிடமாக இழுக்க முடிந்தால் அந்தச் சட்டம் தாக்குப்பிடிக்கும் என்று தோன்றுகிறது. ஆடி வெயில் தணிவதற்குள் அதை முடித்துவிட வேண்டும்.