பதினான்காவது பின்

மே 9, 2025, வெள்ளி

அக்கினி நட்சத்திரம். அறைக்குள்ளேயே 36 டிகிரி. அலமாரியில் இருக்கும் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினி, ஸ்கேன் செய்து வைத்த பழைய புத்தகப் பக்கங்களை டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் மூலம் எழுத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் இருந்த வேகம் மதியம் இல்லை. அதன் இயங்குதளமான லினக்ஸ் வைத்திருக்கும் வெப்பநிலைக் கோப்பில் 82776 என்றிருந்தது. ஆயிரத்தால் வகுத்தால் 82.8 டிகிரி. எண்பதைத் தொட்டாலே பை தன் 1500 மெகாஹெர்ட்ஸைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும்.

மேசை இழுப்பறையில் கிடந்த 5 வோல்ட் விசிறியை நேராக பையின் 5 வோல்ட் பின்னில் (பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி) செருகினேன். சூடு மளமளவென்று இறங்கியது. ஆனால் அந்தச் சத்தம்! இரவு பதினொன்றுக்கு அம்மா எழுந்து வந்து, "வண்டு ஏதாவது உள்ளே வந்துவிட்டதாடா?" என்றார்.

மே 10, சனி

சூடானால் மட்டும் சுற்ற வேண்டும். விசிறி இழுப்பது 200 மில்லிஆம்பியர். நிரலால் இயக்கி அணைக்கக்கூடிய ஜிபிஐஓ பின்னிடம் கேட்கக்கூடியது 16. நடுவில் சுவிட்சாக ஒரு டிரான்சிஸ்டர் இல்லாமல் முடியாது. கையில் இருந்த பிசி547 வகை நூறு மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது என்பதால் கடைக்குப் போய் 2என்2222 வாங்கி வந்தேன். அதன் கட்டுப்பாட்டுக் காலான பேஸில் 470 ஓம் மின்தடை. விசிறிக்குக் குறுக்கே ஒரு டயோடு, வெள்ளைக் கோடு 5 வோல்ட் பக்கம்; மோட்டார் நிற்கும்போது திருப்பி உதைக்கும் மின்னழுத்தத்தை அது விழுங்கிக்கொள்ளும்.

பை தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக் கோப்பின் கடைசியில், விசிறியை வெப்பநிலைப்படி இயக்கும் ஜிபிஐஓ-ஃபேன் ஓவர்லே வரியைச் சேர்த்தேன்: பின் 14, வெப்பநிலை 60000. விசிறி அசையவே இல்லை. அரை மணி நேரம் டிரான்சிஸ்டரைத் திட்டிய பிறகுதான் தெரிந்தது: நான் வரிசையாக எண்ணிப் பதினான்காவது பின்னில் செருகியிருக்கிறேன். அது கிரவுண்ட். ஜிபிஐஓ 14 இருப்பது எட்டாவது பின்னில். இந்த இரட்டை எண் முறையை வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

மாற்றினேன். சுற்றியது. நிற்கவில்லை.

மே 11, ஞாயிறு

45 டிகிரியிலும் சுற்றுகிறது. டிரான்சிஸ்டரை மாற்றினாலும் அதே கதை. ஒன்று மட்டும் உறுத்தியது: மறுதொடக்கம் செய்யும்போது, லினக்ஸின் மையமான கெர்னலின் செய்திகள் ஓடும் அந்தச் சில நொடிகளில் விசிறியின் குரல் இறங்கி, பிறகு ஏறுகிறது.

ஜிபிஐஓ 14, இன்னொரு கணினியோடு பிட் பிட்டாகப் பேசும் சீரியல் போர்ட்டின் அனுப்பும் பின்னும்கூட; கெர்னல் செய்திகளும் அதன் வழியேதான் போகின்றன. ஆறு மாதம் முன்பு சீரியல் கேபிளுக்காக நானே அதை இயக்கிவைத்து மறந்திருக்கிறேன். பேச்சில்லாத நேரத்தில் அந்தக் கம்பி 3.3 வோல்ட்டில் உயர்ந்தே நிற்கும்; டிரான்சிஸ்டருக்கு அது "சுற்று" என்ற கட்டளை. சந்தேகம் தீரச் சீரியல் போர்ட்டுக்கு வெறும் பூஜ்யங்களாக அனுப்பினேன். ஒவ்வொரு பூஜ்ய பைட்டுக்கும் போகும் பத்து பிட்டில் ஒன்பது தாழ்வு, அதாவது 0 வோல்ட். விசிறி தள்ளாடி, இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, நின்றது. அனுப்புவதை நிறுத்தியதும் மறுபடி கிளம்பியது. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்றாவது முறை வெறும் ஆசைக்கு.

அப்படியானால் ஓவர்லே வரி என்ன செய்துகொண்டிருந்தது? ஒன்றுமே இல்லை. ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் புக்வோர்ம் பதிப்பில் கான்ஃபிக் கோப்பு பூட் அடைவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் அடைவுக்குக் குடிபோய்விட்டது. பழைய இடத்தில் "இதைத் திருத்தாதே" என்று ஓர் அறிவிப்புக் கோப்பு மட்டும் இருக்கிறது. நான் கோப்பைத் திறக்காமலே கடைசியில் வரியை ஒட்டியவன். அறிவிப்பு எங்கே கண்ணில் படும்?

சீரியல் எனக்கு வேண்டும். ஆகவே விசிறியை ஜிபிஐஓ 18க்கு மாற்றி, சரியான கோப்பில் எழுதினேன். 60ஐத் தொட்டதும் கிளம்பியது.

மே 14, புதன்

60இல் கிளம்பினால் பத்து டிகிரி இறங்கிய பிறகே நிற்கும். இந்த வெயிலில் 50 என்பது பகல் கனவு. மதியம் முழுக்க ஓயவில்லை. 65000 என்று மாற்றினேன். சற்று முன் 54043 காட்டியது, நின்றுவிட்டது.

புத்தகம் 212ஆம் பக்கத்தில் ஓடுகிறது. 'ண' எல்லாம் 'ன' ஆக வருகிறது. அதற்கு விசிறி பொறுப்பல்ல.