அண்ணனிடம் சொல்லட்டுமா?

"இப்போதைக்குச் சொல்லாதே" என்று அந்த மாணவனிடம் நான் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்படியானால் ஏன் இன்னும் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் புரியவில்லை.

அன்று என் உளவியல் வகுப்பில் ஃபோரர் சோதனை. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, பிறகு ஒவ்வொருவருக்கும் 'உன்னுடைய முடிவு' என்று ஒரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம், பெரும்பாலும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போட்டதில் சராசரி 4.26. எங்கள் வகுப்பிலும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவரின் தாளை வாங்கிப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. அந்தச் சூட்டோடு வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகரின் குழு செய்த ஜாதகச் சோதனையையும் சொன்னேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு தரப்பு ஜாதகங்களையும் கலந்து, 27 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். சரியாக வந்தது 46 சதவீதம். காசைச் சுண்டிப்போட்டாலே பாதி சரியாக வரும். பொருந்துகிறது என்று மனசுக்குப் படுவது ஆதாரம் ஆகாது, இதுதான் அன்றைய பாடம்.

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். முடிந்ததும் பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் மேஜையருகே வந்து தமிழில் பேசுவார்கள். அந்த மாணவன் மற்றவர்கள் போகும்வரை நின்றான்.

"மேம், எங்க அண்ணன் கவுன்சிலிங் போறான். அங்க சொல்றதும் இதே மாதிரிதான் இருக்கு, யாருக்கு வேணா பொருந்தும். நம்ம சப்ஜெக்ட்லயே நூறு ஆய்வைத் திரும்பச் செஞ்சு பார்த்தப்ப 36 சதவீதம்தான் தேறுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? அவன்கிட்ட சொல்லட்டுமா?"

அவன் சொன்னது 2015இல் வெளியான ஆய்வு. அதை வகுப்பில் பாடமாக எடுத்தது நான்தான், நம் துறையின் ஓட்டையை நாமே காட்டாவிட்டால் எப்படி என்று.

அண்ணன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். ராத்திரி தூங்குகிறானாம், வேலைக்கும் போகத் தொடங்கியிருக்கிறானாம். "அப்போ இப்போதைக்குச் சொல்லாதேப்பா." "சரி மேம்" என்று போய்விட்டான்.

அவன் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. ஆலோசகரின் வார்த்தை எல்லாருக்கும் பொருந்துமா என்பது ஒன்று. சிகிச்சை பெற்றவர்கள், பெறாதவர்களைவிட அதிகம் தேறுகிறார்களா என்பது வேறு. இரண்டாவதற்குப் பல ஆண்டு ஒப்பீட்டுச் சோதனைகள் இருக்கின்றன. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனச்சோர்வுக்கு அப்படித் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கப்பட்ட ஒன்று. அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன், அவனும் எழுதிக்கொண்டான். ஆனால் முதலில் வாயை மூடு என்றுவிட்டுக் காரணத்தைப் பிறகு கொடுத்திருக்கிறேன். இப்போதுதான் தூங்க ஆரம்பித்த ஒருவனைத் தம்பியின் அரைகுறைப் பாடம் கலைத்துவிடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, அப்படியென்றால் ஜாதகத்துக்குச் சிரித்த மற்ற பிள்ளைகள்? சனி விலகிவிட்டது என்று ஜோசியர் சொன்னதால் மட்டுமே நிம்மதியாகத் தூங்கும் அம்மா யார் வீட்டிலாவது இருந்திருப்பார். அவர்களிடம் வீட்டில் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லையே. சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது, ஜாதகத்துக்கு இல்லை, அதனால்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையும்கூட. என் தொழிலுக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தேனா என்றால், அந்த நேரத்தில் அது என் மனதில் அறவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

விமர்சனச் சிந்தனை கற்பிப்பவர்களின் பெரிய கவலை, வகுப்பில் கற்றதைப் பிள்ளைகள் வெளியே பயன்படுத்துவதில்லை என்பது. உளவியலாளர் டயான் ஹால்பெர்ன் 1998இல் எழுதிய கட்டுரையே இதைப் பற்றித்தான். இவன் ஒரே மணி நேரத்தில் பாடத்தை வீடுவரை கொண்டுபோனான். எதை எப்போது சொல்வது என்று நிதானிப்பதும் சிந்தனையில் சேர்ந்ததுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நிதானித்தது நான். அவனுக்கு அந்த வாய்ப்பையே நான் கொடுக்கவில்லை.

இந்த செமஸ்டரில் ஃபோரர் வகுப்புக்கு மறுநாளே சிகிச்சைச் சோதனைகள் பற்றிய பாடத்தை வைத்திருக்கிறேன். அவன் இப்போதும் நல்ல கேள்விகள் கேட்கிறான், ஒப்பீட்டுக் குழு எங்கே, எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள் என்று. வீட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அண்ணன் எப்படி இருக்கிறான் என்று நானாகக் கேட்கலாமா, அது ஆசிரியர் கேட்கக்கூடிய கேள்விதானா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.