ஆறாவது சம்பளச் சீட்டு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. தினமும் அந்த வழியாகத்தான் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் வந்தேன், ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு எழுத. படித்தது தமிழ் மீடியம், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கேரளாவுடையது, ரேஷன் கார்டு மலையாளத்தில். எல்லை தாண்டுவது நமக்கென்ன புதுசா என்று நினைத்திருந்தேன்.

மனைவியின் பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவள் பிறந்து வளர்ந்தது லண்டன் டூட்டிங்கில், பிரிட்டிஷ் குடியுரிமை. கோவையில் இருக்கும் அவளுடைய பெரியம்மா மூலமாகப் பேச்சு வந்து, 2023 நவம்பரில் நிச்சயம் ஆனது. அவள் ஒரே பிள்ளை, மாமாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதனால் போகவேண்டியது நான்தான் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. ஊரில்தான் “வீட்டோட மாப்பிள்ளையா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிச்சயம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 4-ஆம் தேதி பிரிட்டன் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி நாடாளுமன்றத்தில் ஒன்றை அறிவித்தார். வெளிநாட்டிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைக்க, அங்கே இருப்பவருக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு இருந்தால் போதும் என்ற விதி மாறி, 38,700 ஆகப் போகிறது. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள், சம்பளம் 24,500. அன்று ராத்திரி போனில் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு, முதல் கட்டமாக 29,000 மட்டும் என்று இறக்கினார்கள். எங்களுக்கு அதுவும் எட்டாது. பிறகு தேதியும் தெரிந்தது: 2024 ஏப்ரல் 11. அதற்கு முன்னால் விண்ணப்பம் போட்டுவிட்டால் பழைய 18,600தான். பின்னால் விசாவை நீட்டிக்கும்போதும் அதே கணக்குதான்.

இதற்குள் ஆளாளுக்கு ஒரு வழி சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். பாலக்காட்டில் ஒரு ஏஜென்ட், “ஸ்டூடன்ட் விசாவில் போய் அங்கே மாத்திக்கோ” என்றார். மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் காலேஜ் ஃபீஸ் மட்டும் பன்னிரண்டு லட்சம், எனக்கு வேண்டாத ஒரு எம்.பி.ஏ. கேர் ஒர்க்கர் விசா என்று இன்னொருவர் பதினாலு லட்சம் கேட்டார். அவரிடம் இரண்டாவது தடவை பேசவில்லை. டூரிஸ்ட் விசாவில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிடலாம் என்று சொன்ன சித்தப்பா பையனை நம்பியிருந்தால் இன்றைக்கு நான் எங்கே இருந்திருப்பேனோ. விசிட்டராகப் போனவர் அங்கிருந்தபடியே ஸ்பௌஸ் விசாவுக்கு, அதாவது கணவன்-மனைவிக்கான விசாவுக்கு, மாற முடியாது.

உண்மையில் எங்கள் முன்னால் இருந்தது இரண்டு வழி. ஒன்று ஃபியான்ஸே விசா: கல்யாணமாகாமலே போய், ஆறு மாதத்துக்குள் அங்கே கல்யாணம் செய்துகொள்வது. இன்னொன்று இங்கே தாலி கட்டிவிட்டு ஸ்பௌஸ் விசா. மாமிக்கு முதலாவதுதான் பிடித்திருந்தது. “தம்பி, கலியாணத்தை இஞ்ச வைப்பம். பேந்து அங்க ஒரு ரிசப்ஷன் வையுங்கோவன்.” எங்கம்மா அதைக் கேட்டுவிட்டு, “தாலி கட்டாம மாமியார் வீட்டுல ஆறு மாசம் உக்காந்து சாப்பிடுவியா?” என்றாள்.

அம்மா மானத்துக்குச் சொன்னாள், ஆனால் சட்டத்திலும் ஏறக்குறைய அதுதான் இருந்தது. ஃபியான்ஸே விசாவில் வேலை பார்க்க முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி ஒரு விண்ணப்பம், மறுபடி ஒரு கட்டணம். நிரந்தரக் குடியிருப்புக்கு வேண்டிய ஐந்து வருடக் கணக்கில் அந்த ஆறு மாதம் சேராது. சீக்கிரம் ஆகும் என்று எல்லோரும் சொன்னார்களே, அதாவது உண்டா என்று விதிகளை உட்கார்ந்து படித்தேன். அதுவும் இல்லை. வருமான விதி இரண்டுக்கும் ஒன்றேதான்.

எங்கள் சிக்கலே அந்த வருமான விதியில்தான் இருந்தது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அந்தச் சம்பளம் வரவு வைக்கப்பட்ட பேங்க் ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம். அவள் படிப்பு முடித்து அந்த வேலையில் சேர்ந்ததே 2023 செப்டம்பர் 18. ஆறு மாதம் நிறைவது மார்ச் 18, மார்ச் சம்பளம் வருவது மாதக் கடைசியில். அதற்கு அப்புறம் ஏப்ரல் 10 வரைக்கும் இரண்டு வாரம்கூட இல்லை. என் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டலாமா என்றால், வெளியிலிருந்து விண்ணப்பிப்பவனின் சம்பளத்துக்கு அங்கே மதிப்பே கிடையாது. பத்து வருடம் கணக்கு எழுதினவனுக்கு அது கொஞ்சம் வலித்தது.

ஆக, கல்யாணம் முன்னாடி, சம்பளச் சீட்டு பின்னாடி என்று முடிவு செய்தோம். பள்ளிக்கு பிப்ரவரி நடுவில் ஒரு வாரம் லீவு. மாசி பிறந்த வாரம் ஊர் முருகன் கோயிலில் கல்யாணம். ஒன்பது நாள் இருந்தாள். அதற்குள் பஞ்சாயத்தில் திருமணப் பதிவுக்கு இரண்டு பேரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டாக வேண்டும். வார்டு மெம்பர் சாட்சிக் கடிதம் கொடுத்தார். ஃபாரத்தில் வீட்டுப் பெயர் என்று ஒரு கட்டம். மலையாளிகளுக்கு உண்டு, எங்களுக்கு ஏது? அக்ஷயா சென்டர் (கேரளாவின் இ-சேவை மையம்) சேச்சி யோசிக்காமல் “களத்துவீடு” என்று அடித்துவிட்டார். இன்றைக்கு என் கல்யாண சர்ட்டிபிகேட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அப்பா ‘கந்தஸ்வாமி’, பாஸ்போர்ட்டில் ‘கந்தசாமி’. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றுதான், மலையாளத்தில் எழுதுகிறவருக்கு வேறு வேறு ஆள். கிளார்க் ஃபைலை ஒதுக்கி வைத்துவிட்டார். வில்லேஜ் ஆபீசில் ‘ஒன் அண்ட் ஸேம்’ சர்ட்டிபிகேட் வாங்கி வரச் சொன்னார். அதற்காக நாலு நாள் லீவு போட்டேன். வில்லேஜ் ஆபீசர் அப்பாவையே நேரில் வரச்சொன்னார். அப்பா வேட்டி மடிப்புக் கலையாமல் போய் நின்று, “ரெண்டு பேரும் நான்தானுங்க” என்றார். ஆபீசர் சிரித்துக்கொண்டே சீல் வைத்தார். கல்யாண சர்ட்டிபிகேட் கைக்கு வந்தது மார்ச் 21.

இடையில் இங்கிலீஷ் பரீட்சை, ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ், ஏ1 என்ற ஆரம்ப நிலை. பி.காம். இங்கிலீஷ் மீடியம் என்று நிரூபிக்கவும் ஒரு வழி உண்டு. அந்தக் காகிதம் வந்து சேர ஆகும் நாளைப் பார்த்து, பரீட்சையே எழுதிவிடலாம் என்று போனேன். எழுதுவது என்று சொன்னாலும் எழுத ஒன்றுமே இல்லை. பேச்சும் கேட்பதும் மட்டும்தான். தெரியாத இன்னொருவரோடு ஜோடியாக உட்கார வைப்பார்கள். என் ஜோடி நாற்பது தாண்டிய ஒரு சேச்சி, கணவர் லண்டனில். நான் அவரிடம் வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டேன். அவர் என்னையே பார்த்தார், உதடு அசைகிறது, குரல் வரவில்லை. மேஜைக்கு அடியில் புடவை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். உதவி செய்தால் இரண்டு பேருக்கும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். கடைசியில் “ஐ கோ சர்ச். தென் ஃபிஷ்” என்றார். “விச் ஃபிஷ்?” என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் முகம் மலர்ந்து மத்தி மீனிலிருந்து ஆரம்பித்தார். பிறகு நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது. இரண்டு பேரும் பாஸ்.

காசநோய்க்கான எக்ஸ்ரே பிரிட்டன் அரசின் பட்டியலில் உள்ள இடத்தில்தான் எடுக்க வேண்டும். ஒரே நாளில் முடிந்தது.

மார்ச் சம்பளம் 28-ஆம் தேதி ஏறியது. மறுநாள் புனித வெள்ளி, திங்கள் வரை அங்கே எல்லாம் மூடல். முதலாளியின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஏப்ரல் 3 ராத்திரி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். முதலில் சுகாதாரக் கட்டணம்: ஆண்டுக்கு 1,035 வீதம் மூன்று ஆண்டுக்கு 3,105 பவுண்டு. பிப்ரவரி 6-க்கு முன்னால் போட்டிருந்தால் 1,872தான். கல்யாணமே அதற்கு அப்புறம்தானே, யாரை நோவது. அது போன பிறகு விசா கட்டணம் 1,846-க்கு என் கார்டு மறுத்துவிட்டது, வெளிநாட்டு வரம்பு தாண்டிவிட்டதாம். அவள் தன் கார்டைப் போட்டாள். மொத்தம் 4,951, அன்றைய விலைக்கு ஏறக்குறைய 5.2 லட்சம் ரூபாய். கல்யாணச் செலவே அதைவிடக் குறைவு.

கொச்சியில் கைரேகை கொடுத்தேன். ஜூலையில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது, ஆகஸ்டில் ஏறினேன்.

கிடைத்திருப்பது 33 மாதம். அது முடிவதற்குள் நீட்டிக்க வேண்டும், அதற்கு அடுத்த நிலையான ஏ2 பரீட்சை. இந்தத் தடவை ஜோடிக்கு யார் வருவாரோ. மாமி இப்போதே, மாப்பிளைக்கு மீன் பேர் எல்லாம் இங்கிலீஷில் தெரியுமோ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.