தனி முகவரிக்குப் பதிவேடு எதற்கு?

“மோதாது என்கிறீர்கள், சரி. நாளைக்கு ஃபயர்வாலின் பதிவில் தெரியாத முகவரி ஒன்று வந்தால், அது யாருடையது என்று யாரைக் கேட்பது?” நிறுவனங்களின் உள் நெட்வொர்க்குக்கான தனி முகவரிகளுக்கு மையப் பதிவு வேண்டாம், முகவரியின் தொடக்கப் பகுதியான முன்னொட்டை அவரவரே உருவாக்கிக்கொள்ளட்டும், ஒருவருடையது மற்றவருடையதோடு மோதாது என்று கூட்டத்தில் நான் வாதாடி முடித்ததும் மூத்த பொறியாளர் கேட்டது இது. என் யோசனையைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

இரண்டு நிறுவனங்களின் நெட்வொர்க்கை இணைத்துப் பார்த்தவர்களுக்கு என் தரப்பு புரியும். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், உள் நெட்வொர்க்குகளுக்கு மூன்று முகவரி வரிசைகளை யாரையும் கேட்காமல் பயன்படுத்த விட்டது. 10-இல் தொடங்கும் வரிசையில் மட்டும் 1,67,77,216 முகவரிகள். இருந்தும் இரு தரப்பு சர்வர்களும் 10.1.1.0-இலேயே இருக்கும், எல்லோரும் முதலிலிருந்துதானே எடுக்கிறார்கள்! மோதலைத் தவிர்க்க எண்ணை மாற்றிக் காட்ட வேண்டிவரும். பிறகு ஒரே சர்வருக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் வேறோர் எண். நள்ளிரவில் பழுது பார்ப்பவர் எந்த எண்ணைச் சொல்கிறார் என்றே விளங்காது.

ஐபிவி6 என்ற நீளமான முகவரி முறைக்கு 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4193 இதற்கு நல்ல வழி காட்டியது. ‘எஃப்டி’ என்று தொடங்கும் முன்னொட்டில் அடுத்த 40 பிட்டுகளை, அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்களை, குலுக்கலில் எடுக்க வேண்டும். 10,000 நெட்வொர்க்குகள் தங்களுக்குள் இணைந்தாலும் மோதும் வாய்ப்பு லட்சத்தில் ஐந்துக்கும் குறைவு. அப்புறம் பதிவேடு எதற்கு? பதிவேட்டை நடத்துபவர் நிலைப்பார் என்பதற்கும் உறுதியில்லை. சிக்ஸ்எக்ஸ்எஸ் என்ற சேவை, விரும்பியவர்கள் பதிந்துகொள்ள ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2017-இல் அந்தச் சேவையே மூடப்பட்டது. இந்த முன்னொட்டுகளை மையமாக வழங்கும் திட்டத்துக்கான வரைவும் நெறியாகாமலே நின்றது.

ஆனால் அந்தக் கணக்கு, குலுக்கல் நேர்மையாக நடந்தால்தான் செல்லும். ஒரு குழுவின் ரௌட்டர் அமைப்பைத் திறந்து பார்த்தபோது ‘எஃப்டி’க்குப் பின் வரிசையாகப் பூஜ்யங்கள். நினைவில் வைக்க எளிது என்றார்கள். இதைப் பதிவேடு தடுத்திருக்குமா? அதே முன்னொட்டை இரண்டாவதாகக் கேட்டு வருபவரை வேண்டுமானால் தடுத்திருக்கும்.

மூத்தவர் கேட்டதோ இதுவும் அல்ல. நான் மோதலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் உரிமையாளரைப் பற்றிக் கேட்டார். எண் தனித்தன்மையோடு இருக்கலாம், ஆனால் அதன் பின்னால் இருப்பவர் யார் என்று எண்ணே சொல்லாது. அதற்குப் பெயரெழுதிய ஏடு ஒன்று வேண்டும். அதைப் புதுப்பிக்க ஒருவர் வேண்டும். புதுப்பிக்காத ஏடு, ஏடே இல்லாததைவிட மோசம் என்று இன்றும் நம்புகிறேன். வேலையை விட்டுப் போனவரின் தொலைபேசி எண்ணை நம்பிக் காத்திருக்கும் நேரத்தில் பாதிப்பு பரவிவிடும். அப்படிச் சொல்லும் நானே எங்கள் இணைப்புகளுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், வாராவாரம் திருத்துகிறேன்.

அடுத்த இணைப்புக்கான படிவம் மேசையில் இருக்கிறது. முன்னொட்டுக்குக் கட்டம் போட்டாகிவிட்டது. பொறுப்பாளர் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டிருக்கிறேன்.